ஈறில் இரத்தம் கண்டால் மிஸ்வாக்கை விட்டுவிடலாமா?

 

சென்ற மாதம் வெண்ணந்தூரில் பெண்களுக்கான வாராந்திரப் பாடத்தின்போது, திரைக்கு அப்பாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயரில்லை. எழுதியிருந்தது இதுதான்: "எனக்கு ஆறாவது மாதம். பல் துலக்கினால் ஈறில் இரத்தம் வருகிறது. உளூ முறிந்துவிடுமோ என்று அஞ்சி இரண்டு மாதமாக மிஸ்வாக்கையும் பிரஷையும் தொடவில்லை. வாயை மட்டும் கொப்பளித்துவிட்டுத் தொழுகிறேன். இது கூடுமா?"

மார்க்கச் சட்டம் கேட்டு வந்த சீட்டுத்தான். ஆயினும் இதற்குள் மருத்துவக் கேள்வி ஒன்றும் மறைந்திருக்கிறது. அதற்கு விடை தெரியாமல் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டால், அச்சகோதரியின் தொழுகை செல்லுபடியாகும், பல்லோ போய்விடும். ஆகவே முதலில் வாயைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு உளூவுக்கு வருவோம்.

வாயைக் காப்பதில் தலையாய பணி உமிழ்நீருக்கு உரியது. 'எச்சில்' என்று சொல்லி நாம் முகம் சுளிக்கும் அந்த நீர், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். எஞ்சிய சிறு பகுதியில்தான் அல்லாஹ் தன் வல்லமையை வைத்திருக்கிறான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உமிழ்நீரில் ஆய்வாளர்கள் இனங்கண்டுள்ளனர். அவற்றுள் நமக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் கிழங்கை அறியாதார் யார்? அவித்த கிழங்கை விழுங்காமல் சற்று நேரம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். உமிழ்நீரிலுள்ள 'அமிலேஸ்' என்ற புரதம் மாவுச் சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதே அதற்குக் காரணம். செரிமானம் வயிற்றில் அன்று, வாயிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அடுத்தது 'லைசோசைம்'. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே 1922இல் உலகுக்கு அறிவித்த பொருள் இது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருந்துகொண்டு கிருமிகளின் மேலோட்டை உடைக்கிறது. 'லாக்டோஃபெரின்' என்பது கிருமிகளுக்குத் தேவையான இரும்புச் சத்தை அவற்றுக்குக் கிடைக்கவிடாமல் தானே பற்றிக்கொள்கிறது. 'ஐ.ஜி.ஏ.' எனும் எதிர்ப்புப் புரதம் கிருமிகள் பல்லிலும் கன்னத்திலும் ஒட்டாமல் தடுக்கிறது. 'ஹிஸ்டாட்டின்' வகைப் புரதங்கள் பூஞ்சையை அடக்குகின்றன. வாய்ப்புண் ஆறவும் துணைசெய்கின்றன.

இன்னும் சில புரதங்கள் பல்லின் மீதே ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. தறி ஓடும் நம் ஊர்ச் சகோதரிகளுக்கு இதை விளக்குவது எளிது. பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோமே, எதற்காக? தறியின் உராய்வில் நூல் பிசிறாமல், அறாமல் இருப்பதற்காக. அதுபோலவே பல்லைத் துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள் உமிழ்நீர்ப் புரதங்கள் பல்லின் மேல் கஞ்சிப் பூச்சுப் போலப் படர்ந்து, அமிலமும் உராய்வும் நேரே பல்லைத் தாக்காதவாறு காக்கின்றன. ஆனால் இந்தப் பூச்சின் மீதே கிருமிகளும் வந்து குடியேறுகின்றன. துலக்காமல் விட்டால் அவை அடுக்கடுக்காகப் பெருகிப் பசை போன்ற படிவமாகின்றன. பற்படிவம் என்பது இதுதான். நாளாக ஆக அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். பிறகு குச்சிக்கும் பிரஷ்ஷுக்கும் அது அசையாது.

இனி, கருவுற்றிருக்கும் காலத்தில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம்.

கருவைத் தாங்குவதற்காகத் தாயின் உடலில் இரு ஹார்மோன்கள் பெருகுகின்றன. பேறுகாலம் நெருங்கும்போது, மாதவிலக்குச் சுழற்சியின் உச்சத்தில் இருப்பதைக் காட்டிலும் புரோஜெஸ்ட்ரான் ஏறத்தாழப் பத்து மடங்காகவும், ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ முப்பது மடங்காகவும் உயர்கின்றன. இவை கருப்பையில் மட்டும் வேலை செய்வதில்லை. ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் விரிக்கின்றன, அவற்றின் சுவர்களைத் தளர்த்துகின்றன. முன்பு பொருட்படுத்தாமல் விட்ட அதே சிறு அழுக்குக்கு இப்போது ஈறு பெரிதாகச் சினந்தெழுகிறது. சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது.

கிருமிகளுக்கும் இது கொண்டாட்டமாகிவிடுகிறது. ஈறு நோயோடு தொடர்புள்ள 'பிரிவோடெல்லா இன்டர்மீடியா' என்ற கிருமி, தன் வளர்ச்சிக்கு வேண்டிய வைட்டமின் கே சத்துக்குப் பதிலாக இந்த ஹார்மோன்களையே உணவாகக் கொள்ளவல்லது என்பதைக் கோர்ன்மன், லோஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இதற்கும் முன்னர், 1963இல், நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ, சில்னஸ் ஆகிய இருவரும் கர்ப்பிணிகளின் ஈறுகளை மாதவாரியாக ஆராய்ந்தனர். இரண்டாம் மாதம் முதல் ஈறு அழற்சி கூடுகிறது, எட்டாம் மாதத்தில் உச்சத்தை அடைகிறது, பிறகு தணிகிறது என்று கண்டனர். இன்றுவரை மருத்துவக் கல்லூரிகளில் இதையே பாடமாகச் சொல்கின்றனர். கர்ப்பிணிகளில் 60 முதல் 75 விழுக்காட்டினருக்கு இந்த ஈறு அழற்சி உண்டாவதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கூறுகிறது. ஆகவே, சீட்டு எழுதிய சகோதரிக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் வந்த சோதனையன்று.

உமிழ்நீரும் இக்காலத்தில் மாறுகிறது. அதன் அமிலத்தன்மை சற்றுக் கூடுகிறது. அமிலத்தை முறித்துச் சமன்செய்யும் ஆற்றல் குறைகிறது. குழந்தை பிறந்தபின் இது பழைய நிலைக்குத் திரும்புகிறது. அமிலேஸ், ஐ.ஜி.ஏ. போன்ற புரதங்களின் அளவும் மாறுகிறது. எனினும், சில ஆய்வுகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் காணப்படுவதால், இன்ன புரதம் இவ்வளவு என்று ஒரே கோடு போட்டுச் சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும் தெளிவு. ஈறு வீங்கும்போது, இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதங்கள் ஈறுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள இடுக்கின் வழியே கசிந்து உமிழ்நீரில் கலக்கின்றன. அவற்றோடு, ஈறைப் பல்லோடு பிணைத்து வைத்திருக்கும் 'கொலாஜன்' நாரை அரிக்கும் நொதிகளும் வருகின்றன. காவலுக்கென வந்த படையே வீட்டுக் கதவை உடைப்பது போன்றது இது. ஈறு நோய் முற்றிப் பல் ஆடும் நிலைக்குப் போவது இவ்வழியில்தான்.

இரண்டு மாதமாகத் துலக்காமல் இருப்பதன் ஆபத்து இப்போது புரிந்திருக்கும். துலக்குவதால் ஈறு நோய் உண்டாகி இரத்தம் வருவதில்லை. முன்னமே புண்பட்டிருக்கும் ஈறிலிருந்து, துலக்கும்போது இரத்தம் வெளிப்படுகிறது. இரத்தத்துக்கு அஞ்சித் துலக்காமல் விட்டால் படிவம் தடிக்கும். ஈறு மேலும் வீங்கும். இரத்தம் இன்னும் அதிகமாகும். துலக்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் இரத்தம் வரத்தான் செய்யும். விடாமல் மென்மையாகத் துலக்கி வந்தால், ஓரிரு வாரங்களில் தணிவதைக் கண்கூடாகக் காணலாம்.

"பிள்ளை பெற்றால் பல் போகும், வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும்" என்று நம் வீட்டு மூத்த பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சரியன்று. குழந்தைக்கு வேண்டிய கால்சியம் தாயின் உணவிலிருந்து போகிறது. போதாதபோது எலும்பிலிருந்து போகிறது. பல்லிலிருந்து கரைந்து போவதில்லை. பேறுகாலத்தில் பல் போனவர்களுக்கு, மேலே சொன்ன ஈறு நோயாலும் சொத்தையாலும் போயிருக்கும். இந்த நம்பிக்கையால் விளைந்த கேடு சிறிதன்று: 'எப்படியும் போகப் போகிற பல்தானே' என்று எத்தனையோ பெண்கள் பராமரிக்காமலே விட்டிருக்கின்றனர்.

ஆக, துலக்கவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. இரத்தம் வந்தால் உளூ என்னாகும்?

நம் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அம்மத்ஹபின்படி, வாயிலிருந்து வரும் இரத்தத்தை உமிழ்நீரோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். உமிழ்நீர் மிகுந்து, துப்பும்போது வெறும் மஞ்சள் சாயலாக மட்டும் தெரிந்தால் உளூ முறியாது. இரத்தம் உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுந்தோ இருந்து, துப்புவது சிவப்பாகத் தெரிந்தால் உளூ முறியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படியோ ஈறில் வரும் இரத்தத்தால் உளூ முறிவதே இல்லை; எனினும் இரத்தம் அசுத்தம் என்பதால் வாயைக் கொப்பளித்துத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், உளூச் செய்து தொழுமளவு இடைவெளி கூட இல்லாமல் இரத்தம் வந்துகொண்டே இருப்பவர்களுக்கு ஹனஃபி மத்ஹபில் 'மஃதூர்' என்ற தனிச் சலுகையும் உண்டு. அந்நிலையில் இருப்பவர்கள் தம் ஊர் ஆலிமிடம் விவரம் கூறிக் கேட்டுக்கொள்ளட்டும். மருத்துவரிடமும் தாமதமின்றிச் செல்லட்டும். ஈறு அப்படி இரத்தம் கொட்டுவது இயல்பன்று.

இவ்வளவு நுணுக்கத்துக்குள் போகாமலே எளிய வழி ஒன்றிருக்கிறது. உளூச் செய்யும் நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே பல்லைத் துலக்கிவிடுங்கள். கொப்பளித்து, இரத்தம் நின்றதும் உளூவைத் தொடங்குங்கள். இரவிலோ இன்னும் எளிது. இஷாத் தொழுது, உணவருந்தி, உறங்கப் போகுமுன் நிதானமாகத் துலக்கினால் எந்த ஐயத்துக்கும் இடமில்லை. மருத்துவர்கள் மிக முக்கியமாகக் கருதுவதும் அந்த இரவு வேளையைத்தான். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளைத் தடுக்க அப்போது ஆளில்லை. நோன்பாளிகள் இரத்தத்தை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். கருவுற்றவர், தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது என்பதையும் குடும்பத்தார் நினைவில் கொள்ளுங்கள்.

மிஸ்வாக்கின் சிறப்பை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தம் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருப்பின், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அவர்களின் இறுதி வேளையில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மீது சாய்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே வந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த குச்சியை நோக்கினார்கள். அன்னையார் அதை வாங்கித் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பல் துலக்கினார்கள். தம் உமிழ்நீரும் நாயகத்தின் உமிழ்நீரும் அவ்வேளையில் ஒன்று சேர்ந்ததை அன்னையார் பின்னாளில் ஒரு பேறாகவே நினைவுகூர்ந்தார்கள். கடினமான குச்சியை மிருதுவாக்காமல் அன்னையார் கொடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அரபியில் 'அராக்' என்றும் பழந்தமிழில் 'உகாய்' என்றும் வழங்கும் மரத்தின் குச்சி அது. அதில் கிருமிகளை அடக்கும் பொருள்கள் உண்டென்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனினும் வீங்கிய ஈறில் காய்ந்த குச்சியை வைத்துத் தேய்ப்பது அறிவுடைமையாகாது. தண்ணீரில் ஊறவைத்து, நுனியைப் புதிதாக மென்று நார் ஆக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகச் செலுத்துங்கள். கடைவாய்ப் பற்களின் உட்புறம் குச்சிக்கு எட்டுவது கடினம். அங்கே மென்மையான நாரிழை கொண்ட பிரஷ் தேவை. இரண்டையும் பயன்படுத்துவது சுன்னத்துக்கு முரணாகாது. செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், புகையிலை கலந்த பொடி ஆகியவற்றை இக்காலத்தில் மட்டுமன்று, எக்காலத்திலும் தொடவேண்டாம்.

மசக்கை வாந்தி எடுத்தவுடனே பலர் வாய் கசக்கிறதென்று பல் துலக்குகின்றனர். வயிற்று அமிலத்தால் பல்லின் மேற்பரப்பு அப்போது இளகியிருக்கும், தேய்த்தால் தேய்ந்துபோகும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துத் துலக்குங்கள். பேரீச்சம் பழம் தின்ற பின்பும், ஜவ்வரிசிப் பாயசம், கிழங்கு போன்றவை உண்ட பின்பும் வாயைக் கொப்பளியுங்கள். இவை பல்லில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. பால் அருந்தியபின் அதில் கொழுப்பு உண்டென்று கூறி வாய் கொப்பளித்த நபியின் உம்மத்தினர் நாம்.

சிலருக்கு மூன்றாம் மாதத்துக்குப் பின் இரு பற்களுக்கு இடையே ஈறு ஒரு சிவந்த கட்டியாகப் புடைக்கும். புற்றுநோயோ என்று குடும்பமே கலங்கிப் போகும். பெரும்பாலும் இது ஹார்மோன் மிகுதியால் எழும் தீங்கற்ற கட்டி. குழந்தை பிறந்தபின் தானே சுருங்கிவிடும். ஆயினும் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்து கொள்வதே முறை. நூல் கட்டி அறுப்பது, சூடு வைப்பது போன்றவற்றில் இறங்காதீர்கள்.

பல் மருத்துவரிடம் போகச் சொன்னால், "வயிற்றுப் பிள்ளையோடு போகலாமா?" என்று மாமியார் தடுப்பதும் கணவர் தயங்குவதும் நாம் காணும் காட்சிகளே. 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. 823 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கர்ப்ப காலத்திலேயே காரை அகற்றி ஈறு சிகிச்சை செய்தனர். மறு பிரிவினருக்குப் பிரசவத்துக்குப் பின் செய்தனர். சிகிச்சையால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு நேரவில்லை, ஈறு நலமடைந்தது. ஈறு நோயைக் குணமாக்கினால் குறைப்பிரசவம் குறையும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அந்த ஆய்வில் நிறைவேறவில்லை. எனவே, "பல்லைச் சுத்தம் செய்யாவிட்டால் குறைமாதத்தில் பிறந்துவிடும்" என்று யாரும் உங்களை அச்சுறுத்தினால் நம்பவேண்டாம். ஈறு நோயுள்ள தாய்மாரிடம் குறைப்பிரசவம் சற்று அதிகமாகக் காணப்படுவது உண்மை. ஒன்றுக்கு மற்றொன்றுதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. தாயின் பல்லைக் காப்பதற்கு அந்த அச்சம் தேவையுமில்லை. அவளது பல் அவளுக்கு வேண்டும் என்பதே போதிய காரணம்.

நான்கு முதல் ஆறு மாதம் வரையுள்ள காலம் சிகிச்சைக்கு வசதியானது. வலியோ சீழோ இருப்பின் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வலி மாத்திரை விழுங்குவதுதான் உண்மையான ஆபத்து. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பிறக்கப்போகும் குழந்தையின் பல்லையே கறைப்படுத்திவிடும். திருச்செங்கோட்டிலும் சேலத்தை அடுத்த அரியானூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நம் பகுதியினருக்கு அவை வெகு தொலைவன்று.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவையும் சொல்லியாக வேண்டும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யவேண்டும் என்ற நடைமுறை, மருத்துவர் வி. சேஷய்யா அவர்களின் முயற்சியால் தமிழ்நாட்டில் 2007இல் வேரூன்றியது. 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அது. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கும் இடத்தில் தாயின் வாயையும் திறந்து பார்க்கும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லையே என்பது என் ஆதங்கம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது, "ஈறில் இரத்தம் வருகிறது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இராதீர்கள்.

குழந்தை பிறந்தபின் 'தஹ்னீக்' செய்கிறோம். ஹிஜ்ரத்தின்போது நிறைமாதமாக இருந்த அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுக்க, நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்தார்கள். அந்தச் சுன்னத்தைப் பேணுகிறோம். ஆனால் அது எத்தகைய வாய் என்பதை மறந்துவிடுகிறோம். இடைவிடாது மிஸ்வாக் செய்த வாய் அது! வெற்றிலைக் கறையும் சொத்தைப் பல்லும் உள்ள ஒருவர், வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும் அப்பணிக்கு அழைக்கப்படுகிறார். பற்சொத்தைக் கிருமிகள் பெரியவரின் உமிழ்நீர் வழியே குழந்தைக்குத் தொற்றுவது நிறுவப்பட்ட உண்மை. தக்கவர் இல்லையெனில், தூய கையால் பழத்தை நசுக்கி, அதன் சாற்றை விரல் நுனியால் மிகச் சிறிதளவு தடவுவதில் தவறில்லை. 'சேனை' வைப்பதாகத் தேன் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனிலுள்ள சில கிருமிகளால் நரம்பு நச்சு நோய் உண்டாகலாம்.

கடைசியாக ஒன்று. நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை; ஆகவே உளூவும் இல்லை. உளூவோடு சேர்த்து மிஸ்வாக்கையும் பல பெண்கள் அந்த நாற்பது நாள் கைவிட்டுவிடுகின்றனர். "பிள்ளை பெற்ற உடம்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும்" என்று வீட்டாரும் பல் துலக்க விடுவதில்லை. வெந்நீர் வைத்துக் கொடுங்கள். காலையும் இரவும் அவள் துலக்கட்டும். மூன்று மாதம் கழிந்தும் ஈறில் இரத்தம் நிற்கவில்லையென்றால் அது கர்ப்பத்தால் வந்ததன்று. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் புறப்படும் நாளிலேயே தாயின் பல்லையும் காட்டிவிட்டு வாருங்கள்.